மூன்றாவது சத்தம்

போன செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வீட்டு ஹாலில், எனக்கு நாலடி பின்னால் என் கணவர் மயங்கிச் சரிந்தார். அதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. என் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்த மகளும் இல்லை. கீழ் வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஹவுஸ் ஓனர் அக்கா!

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

கணவருக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தார் – டீக்கடை வரைக்கும். வடையோடு திரும்பி வந்தார். இது வேலைக்கு ஆகாது என்று கல்லூரியில் படிக்கும் மகள் கயல் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். வீட்டிலேயே, மூன்று பேரும் சேர்ந்து, டிவியில் யூடியூப் போட்டு உடற்பயிற்சி.

"அப்பா, நீங்க உயரம். டிவிய மறைக்கும். பின்னால நில்லுங்க."

கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி நின்றோம். குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர் பின்னால்.

எங்களுடையது மாடி வீடு. மூன்று பேர் குதித்தால் கீழே சும்மா இருக்குமா? முதல் வாரமே அக்கா படியேறி வந்துவிட்டார்.

"ஏத்தா, நீங்க ரெண்டு பேரும் குதிக்கிறது அம்புட்டாத் தெரியல. சார் குதிச்சாத்தான் என் அலமாரியில டம்ளரெல்லாம் ஆடுது."

"அவர மெதுவாக் குதிக்கச் சொல்றேங்க்கா."

"அவருக்குத்தானே சர்க்கரை? அவரு குதிக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் எதுக்கு?"

மறுநாளும் மூன்று பேரும்தான் குதித்தோம்.

இதற்கிடையில் பழனி பாதயாத்திரைக்குக் கணவர் மாலை போட்டார். மதியம் மட்டும் சாப்பாடு. இரவில் பாலும் பழமும். திங்கட்கிழமை கிருத்திகை என்பதால் இரவுப் பழத்தையும் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடவில்லை. அவர் ஒழுங்கானவர். முருகனுக்கு வைத்த விரதத்தையும் மீற மாட்டார், டாக்டர் சொன்ன மாத்திரையையும் விட மாட்டார்.

செவ்வாய் காலை வழக்கம்போல் டிவி. வழக்கம்போல் குதித்தோம். பின்னால் சுவரில் ஏதோ உரசும் சத்தம்.

"அப்பா, ஏமாத்தாதீங்க. உக்காரக் கூடாது" என்றாள் கயல், திரும்பாமலே.

அவர் அடிக்கடி அப்படி ஏமாற்றுகிறவர்தான். நான் சிரித்தேன். நானும் திரும்பவில்லை.

கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏத்தா... ரெண்டு சத்தந்தான் கேக்குது. சார் ஊர்ல இல்லையா?"

"இங்கதான் இருக்காரு, பெரியம்மா" என்று சொல்லிக்கொண்டே கயல் திரும்பினாள்.

அவர் சுவரோரம் சாய்ந்து கிடந்தார். பனியன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தது போல இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் ஏதோ சொன்னார். எதுவும் வார்த்தையாக வரவில்லை. டிவியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் சிரித்தபடி "சூப்பர்" என்றாள்.

கயலின் கூச்சலைக் கேட்டு அக்கா ஓடி வந்தார். பார்த்ததும் சமையலறைக்குப் போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தார். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். விழுங்கினார். அதன் பிறகுதான் எனக்கு ஆட்டோவைக் கூப்பிட வேண்டும் என்றே தோன்றியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"விரதம் சார்."

"மாத்திரை?"

"அதெல்லாம் கரெக்ட்டா போட்டுட்டேன்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "வெறும் வயித்துல மாத்திரையப் போட்டுக் குதிக்கச் சொல்லி முருகனா சொன்னாரு?"

சர்க்கரை அளவு அவ்வளவு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்... டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டார். நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு ஹாலை எட்டிப் பார்க்கிறேன். இதை எழுதும்போதும் ரெண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். பேப்பர்தான் படித்துக்கொண்டிருக்கிறார். கயலோ, "நான் திரும்பிப் பாத்திருக்கலாம்மா" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

கேட்டவர்களிடமெல்லாம் "நாங்க குடும்பத்தோட எக்சர்சைஸ் பண்றோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். குடும்பத்தோடு என்றால் என்ன? ஒரே ஹாலில், ஒரே திசையைப் பார்த்து நிற்பதா? சினிமா தியேட்டரிலும் அப்படித்தானே இருக்கிறோம்? யோசித்துப் பார்த்தால், அந்த ஹாலில் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தது டிவியில் இருந்த பெண் ஒருத்திதான். அதுவும் ரெக்கார்டிங்.

இப்போது டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்ட பிறகுதான் பயிற்சி என்றும் சொல்லியிருக்கிறார். பாதயாத்திரைக்கு இந்த வருஷம் பஸ். "முருகன் கோவிச்சுக்க மாட்டாரா?" என்றார் கணவர். "டாக்டர் கோவிச்சுக்குவாருப்பா" என்றாள் கயல்.

இன்று சாயங்காலம் மறுபடி ஆரம்பித்தோம். டிவி இல்லை. மூன்று பேரும் முக்கோணமாக, ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம்.

"என்ன, ரெண்டு பேரும் என்னையே மொறைக்கிறீங்க?"

"குதிங்கப்பா."

குதித்தார். கீழே டம்ளர்கள் ஆடியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் வந்தது.

"ம்... மூணும் கேக்குதுத்தா."