மோர்மிளகாயோடு காய்ந்த பேட்டரிகள்

காது மெஷினுக்குப் போடும் பேட்டரியும் டார்ச் லைட்டின் பேட்டரிக் கட்டையும் ஒரே குணம் என்றுதான் நம்பியிருந்தேன். சின்ன வயதில் டார்ச் மங்கினால் கட்டைகளைக் கழற்றி வெயிலில் வைப்போம். மறுநாள் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். ஐம்பத்தைந்து வயதில் என் காதுக்கும் அதே வைத்தியத்தைப் பார்த்தேன்.

திண்டுக்கல்லில் மாவு மில் வைத்திருக்கிறேன். பாதி ஆயுசு மோட்டார் பக்கத்தில் நின்றதில் காது போய்விட்டது. போனதிலும் ஓரவஞ்சனை. லாரி ஹாரன் கேட்கும், மெல்லிய குரல் கேட்காது. அயர்லாந்திலிருக்கும் மகள் ஞாயிறு சாயங்காலம் வீடியோ காலில் வருவாள். மடியில் மூன்று வயதுப் பேத்தி, ஓயாமல் பேசுவாள். வாய் அசைவது தெரியும்; ஒரு சொல்லும் என்னிடம் வந்து சேராது. அவள் சிரித்தால் நானும் சிரித்து வைப்பேன். ஒரு ஞாயிறு, கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட கதையைச் சொல்லியிருக்கிறாள். நான் "சபாஷ்!" என்று கை தட்டிவிட்டேன். அழுதுகொண்டே எழுந்து ஓடிவிட்டாள்.

அந்த வாரமே மனைவியோடு மெஷின் கடைக்குப் போனேன். இரண்டு வகை காட்டினார்கள். ஒன்றை போன் மாதிரி சார்ஜ் போட வேண்டும். மற்றதில் பொட்டளவு பேட்டரி. தீர்ந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாற்ற வேண்டும்.

"சார்ஜ் போடுறதையே வாங்குங்க" என்றாள் மனைவி.

"போன் சூடாகுற மாதிரி அதுவும் சூடாச்சுன்னா? மண்டை வெந்துரும்."

என் காதருகே வந்து, கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "வேகுறதுக்கு உள்ள ஏதாச்சும் இருக்கணும்ல!"

ரோஷத்தில் தூக்கிப் போடும் வகையையே வாங்கினேன். ஒவ்வொரு பேட்டரியின் முதுகிலும் ஒரு குட்டி ஸ்டிக்கர்; அதைப் பிரித்துவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்தது. பேத்தி பேசும் நேரம் பார்த்துப் பேட்டரி தீர்ந்துபோனால்? மாவு அப்பிய இந்தத் தடி விரல்கள் ஸ்டிக்கரைப் பிரிப்பதற்குள் அவள் பேச்சே முடிந்துவிடுமே. அதனால் அட்டையிலிருந்த எல்லாப் பேட்டரிகளின் ஸ்டிக்கரையும் அன்றே பிரித்தேன். கூடுதல் தெம்புக்கு மொட்டை மாடியில், மோர்மிளகாய் காயும் துணியில் பரப்பினேன். வாரம் முழுக்க நல்ல வெயில். மெஷினைக் காதில் வைக்கவே இல்லை. மில் இரைச்சலுக்கு எதற்கு வீணாக்க வேண்டும், அவள் குரலுக்கே முழுசாக இருக்கட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்தேன்.

ஞாயிறு வந்தது. ஒரு பேட்டரியைப் போட்டேன். கிணற்றில் போட்ட கல் மாதிரி, ஒரு சத்தமும் இல்லை. அடுத்ததைப் போட்டேன், அதற்கடுத்ததையும். திரையில் பேத்தி ஒரு பொம்மையைக் காட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

மகள் அங்கேயே நெட்டில் தேடிப் பார்த்துச் சொன்னதை மனைவி என் காதில் கத்தினாள்: "ஸ்டிக்கரைப் பிரிச்சதும் காத்து உள்ள போயி பேட்டரி வேலையை ஆரம்பிச்சுருமாம். போட்டாலும் தீருமாம், போடாட்டியும் தீருமாம். மிச்சமிருந்த ஈரத்த வெயிலு உறிஞ்சிருச்சாம். மோர்மிளகா மட்டும் நல்லாக் காஞ்சிருக்கு!"

"அவ சிரிக்கிறாளா?"

"உங்க மக சிரிக்கிறா. சின்னவ, தாத்தா ஏன் பதிலே சொல்ல மாட்டேங்குறாருன்னு கேக்குறா."

மறுநாள் கூடுதல் பணம் கட்டி, சார்ஜ் போடும் மெஷினாக மாற்றிக்கொண்டேன். சின்ன டப்பாவுக்குள் பச்சை விளக்கு எரியும்வரை, அடுப்பில் பால் வைத்தவன் போலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மெஷின் சூடாகவில்லை. வாரமெல்லாம் போட்டுப் பழகினேன். மனைவி அடுப்படியில் தனக்குத்தானே பேசிக்கொள்வாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். பேத்தியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மில்லில் நின்று மனப்பாடம் செய்தேன். பொம்மைக்கு என்ன பேரு? முட்டி ஆறிருச்சா?

அடுத்த ஞாயிறு மகள் தனியாகத்தான் வந்தாள். "அவளுக்குச் சளி, காய்ச்சல்ப்பா. இப்பதான் தூங்குனா. எழுப்பவா?"

"வேணாம்த்தா. எழுப்பாத."

மகள் போனை எடுத்துப்போய்க் கட்டிலருகே பிடித்தாள். பேத்தி மூக்கடைத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு கொர்கொர்ரென்று கேட்டது. மகளுக்குக் கை வலிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.