மூன்று ஊரும் ஒரு முழங்காலும்

பஸ் டிரைவர் ஓய்வு பெற்ற கையோடு, ஆறு மாதத்தில் ஊழியர் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. பென்ஷன் எங்கே இருந்தாலும் வரும். பெண்ணும் பிள்ளையும் ஆளுக்கொரு மூலையில். இனி எந்த ஊரிலும் குடியிருக்கலாம் என்றதும் அவர் மனைவிக்கு வாயெல்லாம் பல். அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்து இரண்டு வருடமாகிறது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அடுத்த தெருவுக்குப் போவதென்றாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். துணைக்கு ஆள் இல்லாம நானா வெளிய போயிட்டு வரணும். அப்படி ஒரு ஊரைப் பாருங்க."

"அதை எங்கிட்ட விடு. பஸ் நல்லா இருந்தா ஊர் நல்லா இருக்கும்."

மனுஷர் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மற்றவர்கள் ஊர் பார்க்கப் போனால் வாடகை என்ன, தண்ணீர் வருமா என்று விசாரிப்பார்கள். இவர் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து, கியர் மாற்றும் சத்தத்துக்கு மார்க் போட்டார். முதல் ஊரில் ரோடெல்லாம் குண்டும் குழியும், பத்துக்கு மூன்று. இரண்டாவது ஊரில் டிரைவர் ஸ்டாப்புக்கு ஸ்டாப் யாருக்காவது காத்துக்கொண்டிருந்தார். "இவனெல்லாம் ஒரு டிரைவர்!" என்று இரண்டே மார்க். மூன்றாவது ஊரில் ரோடு வழவழவென்று இருந்தது, ஸ்டாப்புகள் தள்ளித் தள்ளி, பஸ் சொன்ன நேரத்துக்கு டாண் என்று வந்தது. பத்துக்குப் பத்து!

மனைவியை அழைத்துக்கொண்டு அங்கே போய் இறங்கினார். பஸ் வந்ததும் முன் சீட்டைப் பிடிக்கும் ஆசையில் முதலில் தாவி ஏறினார். கதவு மூடிக்கொண்டது. மனைவி மூன்றடி தள்ளி, கீழே நின்றிருந்தாள்.

"நிறுத்துப்பா, நிறுத்து!"

"டைம் சார்" என்றான் டிரைவர்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, மூச்சு வாங்க ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்து வந்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் மேல தப்பில்ல" என்றார், வீம்பு குறையாமல். "டைம்னா டைம்தான். முப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு நிமிஷம் லேட்டானதில்ல."

"அப்படின்னா என்னை மாதிரி எத்தனை பேரை விட்டுட்டுப் போயிருப்பீங்க?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தவர்களைக் கண்ணாடியில் அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். சீக்கிரம் கிளம்பி வந்தால் என்னவாம் என்று அப்போது எரிச்சல்தான் வரும். இன்றைக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் இரண்டு மார்க் ஊருக்குப் போனார்கள். டிரைவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, "மெதுவா ஏறுங்கம்மா" என்றார். உள்ளே ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை. பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்க்கப் போன நம்மவர் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

நாலு ஸ்டாப் தாண்டி, தரைத்தளத்தில் ஒரு வீட்டு ஜன்னலில் 'வாடகைக்கு' என்று எழுதியிருந்தது. அவள் எழுந்தாள். அவரும் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வாங்க. நான் பாத்துட்டு இங்கயே நிக்கிறேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. அவள் நடைபாதையில் ஏறும்வரை டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.