பவுடர் வாசமும் ஒரு பழைய சட்டமும்

நேற்று குற்றாலம் பஸ்ஸில் முன்சீட்டுக் குழந்தையிடமிருந்து பவுடர் வாசம் வந்தது. உங்களுக்கு அது குழந்தை வாசம். எனக்கு முருகேசன் வாசம். தபலா வாசிக்குமுன் விரல்கள் வழுக்கி ஓடுவதற்காக உள்ளங்கை நிறையப் பவுடர் கொட்டிக்கொள்வான்.

அப்போது தென்காசியில் ஒரு மெல்லிசைக் குழுவில் அவன் தபலா, நான் கீபோர்டு. நான் சுரத்தைத் தவறவிட்டால் அவன் ஓர் உருட்டு உருட்டி மறைத்துவிடுவான். காதல் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். நான் நிறையத் தவறவிடுவேன். விஷயம் தெரிந்தவர் எங்கள் பாடகி, சுரண்டை ஜெசிந்தா அக்கா மட்டும்.

ஒரு சீசன் சாயங்காலம், குற்றாலத்தில் கச்சேரி தொடங்குமுன் மேடைக்குப் பின்னால் சாரலில் கைகோத்து உட்கார்ந்திருந்தோம். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் பார்த்துவிட்டார்.

“ரெண்டு ஆம்பளப் பயலுவ என்னலே பண்ணுதிய? மூணு எழுபத்தேழுல தூக்கி உள்ள வச்சிருவேன்.”

ஆணும் ஆணும் கூடுவது குற்றம் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டம் அது. அவன் கப்பலேறிய பிறகும் அது இங்கேயே தங்கிவிட்டது. கோத்த கையை விடக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

ஜெசிந்தா அக்கா அவசரமில்லாமல் வந்தார். “அண்ணாச்சி, அவனுக்கு வெரல் பிடிச்சிக்கிட்டு. இவன் நீவி விடுதான். இல்லன்னா இன்னைக்குக் கச்சேரி நடக்காது, பாத்துக்கிடுங்க.”

போலீஸ்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். “எனக்கும் காலையிலருந்து தோளு பிடிச்சிருக்கு. கொஞ்சம் பாருடே.”

நீவி விட்டேன். அன்று கச்சேரியில் ஒரு சுரம்கூடத் தவறவில்லை, பயம் அப்படி.

சில வருஷம் கழித்து, அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்த அன்று கீழப்பாவூர் கச்சேரிக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். அக்கா போனில் செய்தியைப் படித்துவிட்டு, “ஏலே, இனி உங்கள யாரும் மெரட்ட முடியாது,” என்றார். முருகேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

“என்னக்கா விசேஷம்?” என்றார் டிரைவர்.

“நம்ம வீட்டு விசேஷந்தான். நல்ல டீக்கடையா பாத்து நிறுத்து.”

அன்று டூயட் வந்ததும் அக்கா தன் மைக்கை முருகேசனிடம் நீட்டினார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. பெண் பாடும் வரிகளை அவன் என்னைப் பார்த்தே பாடினான். நான் எல்லாச் சுரங்களையும் தவறவிட்டேன்.

குழு கலைந்துவிட்டது. கல்யாண வீடுகளுக்கு டிஜே வந்தாயிற்று. அக்கா கோவையில் மகளோடு இருக்கிறார். போன வருஷம் நாங்கள் மேலகரத்தில் வாடகைக்கு வீடு பார்த்தோம். அதுவரை எந்த வீட்டுக்காரரிடமும் முருகேசனைத் தம்பி என்றே சொல்லிவந்தவன் நான்.

“இவரு யாரு?” என்றார் வீட்டுக்கார அம்மா.

“என் ஆளு,” என்றேன்.

அவர் சாவியை எடுத்து நீட்டினார். “சரி. மோட்டார் காலையிலதான் போடுவேன். தண்ணி பிடிச்சி வச்சிக்கிடுங்க.”

எனக்கு இருந்த ஒரே தம்பி அன்றோடு காணாமல் போனான்.