சி.டி. பிளேயர் வந்த ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளின் கடைசியில் அரியலூரிலேயே சி.டி. பிளேயர் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வேறு யாரிடமாவது இருந்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் இருந்துவிடுமோ என்று பயம்.

எனக்கு சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர் வேலை. உடன் வேலை பார்த்தவர்கள் மனை வாங்கிப் போட்டார்கள். நான் பாட்டுக் கேட்கிற சாமான்களாக வாங்கிச் சேர்த்தேன். அரும்பாவூர் ஆசாரி தேக்கில் இழைத்துக் கொடுத்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு டேப் டெக். எல்லாவற்றுக்கும் நடுவில் ஆம்ப்ளிஃபையர். அதைத் தன் கையாலேயே செய்து தந்தவர் எங்கள் ஊர் மைக்செட்காரர். காலனித் தெருக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கெல்லாம் ‘வாப்பா, போப்பா’தான். ‘வாடா’ என்று கூப்பிடவில்லையே என்பதில் எனக்கு ஒரு கர்வம் வேறு.

ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து வைத்த அன்று அதன் முதுகைத் திருப்பிக் காட்டினார். ஒயர் செருகும் ஓட்டைகளில் ஒரு ஜோடியைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்.

“சார், இது ரெக்கார்டு ஊசிக்கு மட்டுந்தாங்க. ஊசிலேருந்து வர்றது ரொம்ப சன்னமான சத்தம். அதத் தூக்கிக் குடுக்க உள்ள தனியா ஒரு போர்டு வச்சிருக்கேன். வேற எதையும் இதுல குடுத்துராதீங்க, சத்தம் கிழிஞ்சுரும்.”

“தெரியும்ப்பா” என்றேன். தெரியாது. மைக்செட்காரர் சொல்லி ஓர் இன்ஜினியர் தெரிந்துகொள்வதா?

துபாயிலிருந்து லீவில் வந்த என் சகலை சி.டி. பிளேயரைக் கொண்டுவந்தார். அதை எல்லோருக்கும் போட்டுக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேரைக் கூப்பிட்டேன். அவர்களில் முக்கியமானவர் அடுத்த தெரு ரைஸ்மில்காரர். இன்னும் இரண்டு வாரத்தில் பெரம்பலூர் மண்டபத்தில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். அதற்கு நம் மைக்செட்காரரைத்தான் பேசியிருந்தார். அதுவரை காதுகுத்து, சடங்கு என்று சின்ன விசேஷங்களுக்கே போய்க்கொண்டிருந்த மனிதருக்கு அதுதான் முதல் பெரிய மண்டபம். ஆம்ப்ளிஃபையரைச் செய்தவரை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அன்று காலை ரெக்கார்டு பிளேயரைக் கழற்றி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் புதுசை வைத்தேன். ரெக்கார்டு பிளேயர் ஒயரைப் பிடுங்கிய அதே ஓட்டைகளில் இதன் ஒயரைச் செருகினேன். மனைவி டார்ச் பிடித்தாள். அதற்கு முன்னால் போட்டுப் பார்க்கவும் இல்லை. விருந்தாளிகள் முன்னால்தான் முதல் பாட்டு வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்தபின் பட்டனை அழுத்தினேன். வீணை வர வேண்டிய இடத்தில் தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம் வந்தது.

“என்ன சார், தொண்டைல முள்ளு சிக்குன மாதிரி கத்துது?” என்றார் மில்காரர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் காது சுட்டது. “பிளேயர் துபாய்லேருந்து வந்தது, அதுல கோளாறு இருக்காது. ஆம்ப்ளிஃபையர்தான். நம்மூர்க்காரன் கைல செஞ்சது எத்தன நாளைக்குத் தாங்கும்?” என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மில்காரர் காரை அனுப்பி மைக்செட்காரரைக் கூட்டிவரச் சொன்னார். வந்தவர் செருப்பை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் குனிந்தார். ஒயரைத் தொட்ட கை அப்படியே நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்போதுதான் அந்தச் சிவப்புப் பெயிண்ட் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் பார்த்தது ஒரு விநாடிதான் இருக்கும்.

பிறகு மூடியைக் கழற்றினார். ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி, பழுதே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் வைத்து எடுத்தார். புகை வந்தது. மூடியை மாட்டினார். மற்றவர்களுக்கு முதுகு காட்டியபடி சிவப்பு ஓட்டைகளிலிருந்து பிளேயர் ஒயரைப் பிடுங்கி டேப் டெக்குக்கான ஓட்டைகளில் செருகினார்.

“ஒரு எடத்துல ஈயம் வுட்டுருந்துச்சுங்க. என் தப்புதாங்க” என்றார்.

பாட்டு வந்தது. விரல் நகம் கம்பியை உரசுவதுகூடக் கேட்டது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மில்காரர் மட்டும் யோசித்தார்.

“ஈயம் வைக்கவே ஒழுங்கா வரல, இவன நம்பியா பொண்ணு கல்யாணத்த வச்சிருக்கேன்? தாலி கட்டுற நேரத்துல நின்னுபோச்சுன்னா? நீ வர வேணாம்ப்பா. நான் திருச்சிலேருந்து செட்டு சொல்லிக்கிறேன்.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க சார்?”

“அது உங்க இஷ்டம்” என்றேன்.

“சரிங்க” என்று சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு மைக்செட்காரர் போய்விட்டார்.

விருந்தாளிகள் கிளம்பியதும் மனைவி கேட்டாள். “அந்த ஒயர நீங்கதான காலைல செருகுனீங்க? அவரு அதப் புடுங்கி மாத்துனத நான் பாத்தேன்.” நான் காபி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். “போயி மில்லுக்காரருகிட்ட சொல்லிட்டு வாங்க” என்றாள். திங்கள் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. ஷிப்டு என்றேன், தலைவலி என்றேன். அந்தப் பிளேயர் பக்கம் போகவே கூசியது. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்தால் சோறு இறங்கவில்லை. நாலு பேர் முன்னால் ‘சார் தப்பாச் செருகிட்டாருங்க’ என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாடத்தை எங்களைப் போன்றவர்கள்தானே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்போம்?

புதன்கிழமை முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்படியே மில்காரரிடம் போவது என்று தீர்மானித்துச் சைக்கிளில் கிளம்பினேன். அவருடைய கடைக்குள் கல்யாணத்துக்கென்று புதிதாக வர்ணம் அடித்த குழாய் ஸ்பீக்கர்கள் வரிசையாகச் சும்மா கிடந்தன. என்னைக் கண்டதும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

“அன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“அத வுடுங்க சார்” என்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். “இனிமே புதுசா எதாச்சும் மாத்துனா எனக்குச் சொல்லி அனுப்புங்க. வூட்டுல யாரும் இல்லாத நேரமா வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போயிடறேன்.”

கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மில்காரர் அந்நேரம் மில்லில்தான் இருப்பார்.

“சரிப்பா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.