குதிரையின் பின்னங்கால்

நேற்று என் மகள் கதவிடுக்கில் விரலைக் கொடுத்துவிட்டாள். நகம்கூடப் பெயரவில்லை. எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அவள் வயதில் நான் ஒரு குதிரையோடு ஒட்டிக்கொண்டவள்.

அப்பா தச்சர். கூரம் என்ற ஊரைத் தாண்டி ஒரு சிறு கோயில். அங்கே மரக்குதிரை வாகனத்தின் பின்னங்கால் உள்ளே செல்லரித்துப் பொக்கையாகியிருந்தது. வெட்டிவிட்டுப் புதுக்கால் வைக்கச் சொன்னார்கள் ஊர்க்காரர்கள். அப்பா கேட்கவில்லை. மரத்துக்குள் ரெசின் என்ற பிசின் மருந்தை ஏற்றினால் ஊறி இறுகிக் கல்லாகிவிடும், பழைய செதுக்குவேலை அப்படியே நிற்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

காலில் சிறு துளைகள் போட்டு, மருந்துக்கடை ஊசியால் ரெசினை ஏற்றினார். அதை இறுக்கும் மருந்தோடு மாமா கலந்து கொடுத்தார். குதிரையின் வயிற்றுக்கடியில் படுத்து, எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை.

"கசிஞ்சா ஒரு கொரல் குடும்மா. ஒரு சொட்டு வீணாவக் கூடாது."

கசிந்தது. சதங்கை செதுக்கிய கணுக்காலில் ஒரு விரிசல். குரல் கொடுத்திருக்கலாம். வீணாகக் கூடாது என்றாரே என்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். கை மெல்லச் சூடானது. ரெசின் இறுகும்போது சுடும் என்று தெரியாமல், குதிரைக்குக் காய்ச்சல் என்று நினைத்து இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"முடிஞ்சிது, எழுந்து வா" என்று அப்பா கூப்பிட்டபோது கை வரவில்லை.

மாமா குனிந்து பார்த்தார். "நல்லாக்கீது போ. சாமிகூட நீயும் ஊர்வலம் வந்துக்கினு இரு. உனக்கும் ஒரு மாலை சொல்லிடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சுடுதுப்பா" என்றேன்.

அப்பாவின் முகம் மாறியது. தேங்காயெண்ணெய் ஊற்றி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. உளியை எடுத்தார்.

"மச்சான், இத்தினி நாள் பாடு! ஊருக்கு இன்னா சொல்லுவே?"

"நீ அவ கையைப் புடி. ஆடக் கூடாது."

என் கையைச் சுற்றி, மரத்தின் பக்கமாகவே உளி இறங்கியது. கணுக்கால் சதங்கையோடு ஒரு துண்டாகப் பெயர்ந்து என் உள்ளங்கையில் வந்தது. அதை எண்ணெயில் ஊறவைத்துத் தோலிலிருந்து பிரிக்க மாலையாகிவிட்டது. எனக்கு மிஞ்சியது ஒரு கொப்புளம். ஆனாலும் ஓவென்று அழுதேன். "குதிரைய ஒடச்சிட்டியேப்பா!"

மறுநாள் ஊர்ப்பெரியவர் வந்து காலைத் தடவிப் பார்த்தார். "இன்னாபா இது? பெருசா பேசினியே?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "உளி வழுக்கிடுச்சிங்க."

அப்பாவின் பின்னால் நின்றிருந்த நான், பொய் சொல்கிறாரே என்று அவரை முறைத்தேன்.