கொள்ளிடக் கரையில் நாலாவது முழுக்கு

விடியலில் முக்கொம்பிலிருந்து ஐந்து நாய்களோடு கிளம்பி, கொள்ளிடக் கரையோடு நடந்து, ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் மூட்டையை இறக்குகிறேன். குளித்துக் கரையேறும் பெரியவர் ஒருவரின் காலை ஒரு நாய் நக்கிவிடுகிறது. தீட்டு. அவர் திரும்பப் போய் முழுகுகிறார். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு நான்கு நாய்கள் பின்னாலேயே குதிக்கின்றன. கிழட்டு ராணிக்கு மட்டும் தண்ணீர் ஆகாது. பெரியவர் ஏறுகிறார், அவையும் ஏறி, பக்கத்திலேயே நின்று உடம்பை உதறுகின்றன. மறுபடியும் முழுக்கு.

“ஓய், இது மூணாவது ஸ்நானம். பெருமாள் சேவைக்கு நாழியாறது. கூப்பிடும் அதுகளை!”

“நீங்க தண்ணியில இருக்கிற வரைக்கும் வராதுங்க.”

“அப்படின்னா நீர் எறங்கும். உம்மகிட்ட வரட்டும்.”

நியாயமாகத்தான் இருக்கிறது. மிலிட்டரி பூட்ஸோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறேன். நான்கும் என்னிடம் நீந்தி வருகின்றன. பெரியவர் நிம்மதியாகக் கரையேறி, உலர்ந்த மடி வேஷ்டியை வைத்த படிக்குப் போகிறார்.

அதன்மேல் ராணி சுருண்டு தூங்குகிறது.

அவர் வேஷ்டியை இரண்டு விரலால் உருவிக்கொண்டு மீண்டும் ஆற்றில் இறங்குகிறார். நான்கு நாய்களும் என்னை விட்டுவிட்டு அவரிடம் நீந்திப் போகின்றன.