எழுதாமல் விட்டது யாருக்கு?

சாக்கடையில் விழுந்த ரப்பர் பந்தை எடுத்து, தண்ணீரில் அலசிச் சட்டையில் துடைத்தாலும் அந்த வாடை கையை விட்டுப் போகாது. அந்தக் கையோடுதான் இராஜபாளையத்தில் எங்கள் தெருப் பையன்கள் ஆறு பேரும் சாப்பிட உட்கார்ந்து அவரவர் அம்மாவிடம் திட்டு வாங்குவோம். தெரு ரொம்பக் குறுகல். அதனால் பந்து யார் வீட்டுக்குள்ளாவது போய்விட்டால் அடித்தவன் "அவுட்டு". ஒரு குத்து விழுந்து எழும்பியதை ஒற்றைக் கையால் பிடித்தாலும் "அவுட்டு". உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று பதின்மூன்று வயது வரை நம்பியிருந்தேன்.

போன வாரம் என் மகள் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு மூன்று, ஒன்று போதாதா என்று கேட்டாள். பத்தாவதோடு நிறுத்திவிட்டு மில்லுக்குப் போனவன்தான் நான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன், பிள்ளைகளே.

மம்சாபுரத்தில் கிரிக்கெட் போட்டி என்று நோட்டீஸ் வந்தது. பதினொரு பேர் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அத்தை மகன் முருகேசனோடு சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள், சேர்ந்துகொண்டோம். எங்கள் பக்கம் ஓர் ஆள் கூடுதல் என்பதால் நான் கேப்டன் ஆனேன். கேப்டன் சொல்வதுதான் சட்டம் என்றும் நானே சொல்லிவிட்டேன்.

முதல் பயிற்சி அவர்கள் ஊர்க் கண்மாய்ப் பொட்டலில். அவர்கள் ஆள் ஒருவன் ஓங்கி அடித்த பந்து, ஓரத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழுந்தது. அங்கே அது "சிக்ஸு". நான் விரலைத் தூக்கி அவுட் கொடுத்தேன். ஐந்து பேரும் பிட்ச் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏலே, ஒந் தெருச் சட்டத்த ஒந் தெருவோட வச்சுக்க," என்றான் முருகேசன். "சேந்து வெளாட வந்தோமா, ஒங்கிட்ட வேலைக்கு வந்தோமா?"

ஆறு பேரும் பஸ் ஏறித் திரும்பினோம். அவர்கள் வராவிட்டால் போட்டிக்குப் பெயர் கொடுக்கவே முடியாது. பக்கத்து வீட்டு ராமுதான், எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றான். போட்டிக்கு முந்தின நாள் அதே பொட்டலுக்குப் போய், நோட்டில் மூன்று தாள் கிழித்தோம்.

போட்டியன்று யார் முதலில் இறங்குவது, யார் பந்து போடுவது எல்லாம் கேப்டன் பொறுப்பு. இது முதல் தாள். அந்தந்த ஊர்ப் பொட்டலில் அந்தந்த ஊர்ச் சட்டம், இது இரண்டாவது. வீட்டில் தெலுங்கு பேசும் ராமு ஓடும்போது "வா, வா" என்பதற்கு "ரா, ரா" என்றுதான் கத்துவான், அதை மாற்றச் சொல்லக்கூடாது என்பதும் அதில்தான் இருந்தது. பயிற்சி நேரமும் பந்து தேர்வும் இரண்டு ஊருக்கும் பொது, ஒத்துவராவிட்டால் கேப்டன் முடிவு, இது மூன்றாவது.

அப்போதுதான் முருகேசன், மூன்றிலும் எழுதாமல் விட்டது யாருக்கு என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். அவன் சிரித்தான்.

"அப்பம் நாளைக்கு ஒனக்கு வேணுங்கிறத எல்லாம் எழுதலையேம்ப."

எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் என் மனதில் இருந்ததும் அதுதான். வெகுநேரம் வாக்குவாதம். கடைசியில் எழுதாதது கேப்டனுக்கு, ஆனால் யாரையும் டீமை விட்டு நீக்க நான், முருகேசன் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று முடித்தோம். பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்களும் ஏறக்குறைய மூன்று வருஷம் இப்படித்தான் பேசிப் பேசி எழுதினார்கள். மாகாணங்கள் இருந்தன, ராஜாக்கள் ஆண்ட சமஸ்தானங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம், ஒரு பாஷை. நாடு இரண்டாகப் பிரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் என்பதால் கட்டு இறுக்கமாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள். ராணுவமும் ரயிலும் மத்திக்கு, போலீசும் விவசாயமும் மாநிலத்துக்கு, சில காரியங்கள் இரண்டுக்கும் பொது. எதிலும் எழுதாமல் மிஞ்சுவது மத்திக்கு. அது சரியா என்று இன்றைக்கும் பெரியவர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும், எழுந்து போகாமல் உட்கார்ந்து வாதாடுவது நல்லதுதான்.

மறுநாள் மம்சாபுரத்தில் பெயர் பதிகிறவர் டீம் பெயர் என்ன என்று கேட்டார். மூன்று தாளிலும் அது இல்லை. எழுதாதது என் கையில். முருகேசன் தரையைப் பார்த்து நின்றான்; அவன் பின்னால் நாலு பேரும் நின்றார்கள். பேனாவை அவனிடம் நீட்டி, "நீ எழுதுடா" என்றேன். ஒரு மரியாதைக்காவது எங்கள் ஊரை முதலில் போடுவான் என்று நினைத்தேன். அவன் யோசிக்காமல் "ஸ்ரீவி-ராஜை" என்று எழுதினான். எங்கள் ஊர் பின்னால் போய்விட்டது. ஆனால் பதினொரு பேரும் களத்தில் இறங்கினோம், ஒரு ஆட்டம் ஜெயித்தோம், அடுத்ததில் தோற்றோம்.

அந்தத் தாள்கள் இப்போது இல்லை. டீமும் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த வயல்களில் பாதி, கடையும் வீடுமாகிவிட்டது. முருகேசன் மட்டும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறான். பெயர் போட்ட விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரு சின்ன வருத்தம் உண்டு, அவனுக்கும் அது தெரியும். சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறான்.